ஊர் திரும்பிய பயணிகள்: தென்தமிழகக் கிறித்தவத்தில் சமயமாற்றத்தின் இழப்புகள்

முன்னுரை

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரம் கோபுரம் கட்ட விழையும் ஒருவனைப் பற்றிய உவமையைக் கூறுகிறது. கட்டி முடிக்கும் அளவிற்குத் தன்னிடம் பொருள் உண்டா என்பதை அவன் முதலில் அமர்ந்து கணக்கிட வேண்டும் என்பது அதன் கருத்து. கிறித்துவைப் பின்பற்றுதல் செலவு மிக்கது என்பதையும், அச்செலவை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதையும் இவ்வுவமை உணர்த்துகிறது. எனினும், எதை இழக்க நேரும் என்பது நாட்டிற்கு நாடு, காலத்திற்குக் காலம் வேறுபடும். உரோமப் பேரரசில் அது பெரும்பாலும் உயிரிழப்பாக நினைவுகூரப்பட்டது. தென்தமிழகத்தில், அதாவது திருநெல்வேலிச் சீமையிலும் 1956 வரை திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும், உயிரிழப்பு அரிது. வீடு, உறவு, பூர்விகச் சொத்து, ஊர்ப் பொதுவிடம், சாதி அடையாளம் ஆகியவற்றின் இழப்பே மிகுதி.

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் சமயமாற்றத்தைப் பயணமாக உருவகித்தது. பழைய ஊரை நீங்கிப் புதிய நகரை அடைதல் என்பது அவ்வுருவகத்தின் அடிப்படை. ஆனால், வரலாற்றுச் சான்றுகள் காட்டும் கிறித்தவர் பெரும்பாலும் ஊரை நீங்கவில்லை. திருமுழுக்கிற்காக வெளியே சென்றவரும் திரும்பி வந்து, அதே தெருவில், அதே உறவினரிடையே வாழ்ந்தனர். அவர்கள் செலுத்திய விலை புறப்பாட்டில் தொடங்கவில்லை, திரும்பி வந்ததில் தொடங்கியது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

எல்லை கடந்த திருமுழுக்கு

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்தார். 1745 மே 14இல் தேவசகாயம் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றார். அது நடைபெற்ற இடம் திருவிதாங்கூருக்குள் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், பாண்டிய நாட்டுப் பகுதியில் அமைந்த வடக்கன்குளத்தில் இயேசு சபையினர் அதனை வழங்கினர். அவர் அங்கேயே தங்கியிருந்தால் அவர் வரலாறு வேறாகியிருக்கலாம். ஆனால், அவர் நாடு திரும்பினார், பணியைத் தொடர்ந்தார், தாழ்த்தப்பட்டோருடன் வேறுபாடின்றிப் பழகினார். 1749இல் சிறைப்படுத்தப்பட்டு, மூன்றாண்டுக் கொடுமைகளுக்குப் பின் 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கொல்லப்பட்டது சமயத்தின் பொருட்டா, அரசியல் குற்றச்சாட்டின் பொருட்டா என்பதில் திருவிதாங்கூர் வரலாற்றாசிரியர்களுக்கும் திருச்சபை மரபிற்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், சாதி ஒழுங்கே அரசின் ஒழுங்காக இருந்த நாட்டில் இவ்விரண்டையும் பிரித்து வினவுவது எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது சிந்திக்கத்தக்கது. அரண்மனைப் பணியாளர் ஒருவர் தாழ்த்தப்பட்டோருடன் அமர்ந்து உண்பது அக்காலத்தில் சமயச் செயலாகவும் அரசியல் செயலாகவும் ஒருங்கே கருதப்பட்டிருக்கும்.

மயிலாடியைச் சேர்ந்த மகாராசனின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. சாம்பவர் குலத்தவரான இவர் சிதம்பரத்திற்குத் திருப்பயணம் சென்று, பின் தஞ்சாவூரில் கோலாப் என்னும் மறைப்பணியாளரின் போதனையைக் கேட்டு, வேதமாணிக்கம் என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்று ஊர் திரும்பினார். இலண்டன் மிசனரி சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வருவதற்கு இவருடைய அழைப்பு வழிவகுத்தது. இவ்வரலாற்றில் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே ஊரில் ஒரு கிறித்தவர் இருந்தார் என்பது கருதத்தக்கது. எதிர்ப்பை முதலில் எதிர்கொண்டவரும் அவரே. மறைப்பணியாளர் தம் நாட்டிற்குத் திரும்ப இயலும். மயிலாடிக்காரருக்கு மயிலாடியே நாடு.

மூன்றாமவர் எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900). கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியேற்ற இவர், 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். திருநெல்வேலிச் சீமையில் அப்போது கிறித்தவ ஊர்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றிலேயே அவர் பணியாற்றியும் வந்தார். இருந்தும் அவரது திருமுழுக்கு உறவினர் வாழும் பகுதியிலிருந்து வெகு தொலைவில் நிகழ்ந்தது. பின்னர் அவரும் திரும்பி வந்து பாளையங்கோட்டையில் தமிழ்ப்பணி ஆற்றினார். குலம், காலம், திருச்சபைப் பிரிவு ஆகியவற்றால் வேறுபட்ட இம்மூவரும் வெளியே சென்று திருமுழுக்குப் பெற்று, பின் ஊர் திரும்பினர். இதனைத் தற்செயல் எனக் கொள்வது கடினம்.

இரட்சணிய யாத்திரிகம் காட்டும் பயணம்

கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. சான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவக நூலைத் தழுவியது இது. பனியன் அனுமதியின்றிப் போதித்ததற்காகப் பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தவர். அவரது நூலின் தலைமகன் அழிவின் நகரை விட்டு ஓடுகிறான். மனைவியும் மக்களும் அழைக்க, காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அவனுடைய தோழன் மாயச் சந்தையில் கொல்லப்படுகிறான். ஆயினும் முதற்பாகத்தின் தலைமகன் ஒருபோதும் தன் ஊருக்குத் திரும்புவதில்லை. மனைவி மக்களின் கதையைப் பனியன் 1684இல் வெளியான இரண்டாம் பாகத்தில் தனியே கூற வேண்டியதாயிற்று.

கிருட்டிணபிள்ளை இக்கதையைக் கம்பரின் யாப்பு வழியில், ஐந்து பருவங்களாகப் பாடினார். மூலத்தில் கதை நிகழ்ச்சியாக இல்லாத இயேசுவின் பாடுகளை, அவர் கட்டுண்டது முதல் சிலுவையேறியது வரை, விரித்துரைத்தார். இச்சேர்க்கையைக் காப்பிய இலக்கணத்திற்கேற்பத் தன்னிகரில்லாத் தலைவனை நிறுவும் முயற்சியாக ஆய்வாளர் விளக்குவர். அது பொருந்தும். வேறொரு பயனும் இதில் உண்டு. பனியனின் நூலில் துன்பத்தின் சுமையை முழுமையாகச் சுமப்பவன் பயணி. தமிழ்க் காப்பியத்தில் அச்சுமையின் பெரும்பகுதி கிறித்துவின் மேல் வைக்கப்படுகிறது. ஊராரால் இகழப்பட்டு அமைதி காக்கும் தலைவனின் சித்திரம், ஊரை விட்டு ஓடும் பயணியின் சித்திரத்தினும், உறவினரின் இகழ்ச்சிக்கு நடுவே வாழ்ந்த தமிழ்க் கிறித்தவருக்கு நெருக்கமானது. காப்பியத்தில் நேரடியாக இடம்பெறாத பாளையங்கோட்டை வாழ்க்கை இவ்விடத்தில் மறைமுகமாகத் தலைகாட்டுகிறது எனலாம்.

தோள்சீலையும் எரிந்த கூடங்களும்

தனியாட்களின் சமயமாற்றத்திலிருந்து திரள் மாற்றம் வேறுபட்டது. நாஞ்சில் நாட்டில் சாணார் என அக்காலத்தில் அழைக்கப்பட்ட நாடார் சமூகத்தினர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பெருந்தொகையாகக் கிறித்தவத்தைத் தழுவினர். அவர்கள் மீது தலைவரி, கட்டாய ஊழியம், மார்பை மறைத்தலாகாது என்னும் தடை ஆகியன சுமத்தப்பட்டிருந்தன. ஆங்கிலேய ரெசிடென்ட் மன்றோவின் காலத்தில் கிறித்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என அனுமதிக்கப்பட்டது. பெண்கள் அதனோடு நில்லாமல் மேல்குலத்தார் போலத் தோள்சீலையும் அணிந்தனர். விளைவாக 1822–23, 1827–29, 1858–59 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டங்களாகக் கலகம் மூண்டது. சந்தையில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. செபக்கூடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின.

இங்கு விலை செலுத்தியவர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் செலுத்திய விலைக்குக் காரணம் கோட்பாட்டு நம்பிக்கை மட்டுமன்று. உடையின் வழி வெளிப்பட்ட மதிப்புணர்வும் ஆகும். 1829ஆம் ஆண்டு அரசாணை தோள்சீலைக்குத் தடைவிதித்துக் குப்பாயத்தை மட்டும் ஏற்றது. கட்டாய ஊழியத்தையும் உறுதிப்படுத்தியது. 1859 சூலை 26ஆம் நாளைய அரசாணையே சாணார் பெண்கள் மார்பை மறைத்தலை அனுமதித்தது, மேல்குலப் பெண்களைப் போல அணியலாகாது என்னும் வரம்புடன். இவ்வனுமதி கிறித்தவரல்லாத சாணார் பெண்களுக்கும் உரியதாயிற்று. கிறித்தவப் பெண்கள் அடிபட்டுப் பெற்றது சமயம் மாறாத அவர்தம் உறவுப் பெண்களுக்கும் கிடைத்தது. சமயமாற்றத்தால் உறவு அறுந்தது என்னும் பொதுக்கூற்றிற்கு இது குறிப்பிடத்தக்க விதிவிலக்கு.

‘அரிசிக் கிறித்தவர்’ என்னும் ஏளனச் சொல்லை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். ஆதாயத்திற்காக மாறினர் என்னும் குற்றச்சாட்டு அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. பாதுகாப்பும் கல்வியும் நாடி மாறியோர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் 1859இன் தொடக்கத்தில் எரிந்த கூடத்தின் சாம்பலருகே நின்றவரைப் பார்த்து ஆதாயம் தேடியவர் என்று கூறுவதற்கு, கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே படித்திருக்க வேண்டும்.

சட்டம் கணக்கிட்ட இழப்பு

இழப்பின் அளவைத் துல்லியமாக அறிய இலக்கியத்தை விடச் சட்டங்களே உதவுகின்றன. ஓர் இழப்பை நீக்கச் சட்டம் இயற்றப்படுகிறது என்றால், அவ்விழப்பு பரவலாக இருந்தது என்பது பொருள். 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம், சமயம் மாறியதாலோ சாதியிலிருந்து விலக்கப்பட்டதாலோ ஒருவர் தம் சொத்துரிமையையும் வாரிசுரிமையையும் இழக்கமாட்டார் என்றது. வங்காளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் இதனை எதிர்த்து மனுக்கள் எழுந்தன. தந்தைக்கு ஈமக்கடன் ஆற்றத் தகுதியற்றவன் தந்தையின் சொத்தை எவ்வாறு அடையலாம் என்பது எதிர்ப்பாளரின் வாதங்களுள் முதன்மையானது. கொள்ளி வைக்கும் கடனும் சொத்தை அடையும் உரிமையும் ஒன்றையொன்று பற்றி நின்ற சமுதாயத்தில் இவ்வாதம் வலுவற்றதன்று. கிறித்தவனான மூத்த மகன் இழந்தது நிலத்தை மட்டுமன்று, தந்தையின் சிதையருகே நிற்கும் இடத்தையும் ஆகும். சட்டத்தால் முன்னதை மீட்டுத் தர முடிந்தது. பின்னதை மீட்க எந்தச் சட்டத்தாலும் இயலாது.

1866ஆம் ஆண்டின் சட்டம் திருமணத்தைப் பற்றியது. கிறித்தவரான பின் கணவனோ மனைவியோ ஆறு திங்கள் தொடர்ந்து சேர்ந்து வாழ மறுத்தால், மாறியவர் நீதிமன்றத்தை நாடலாம் என்றது அது. நீதிமன்றம் மறுப்பவரை நேரில் வினவி, ஓராண்டு காத்திருக்கச் செய்து, அதன் பின்னும் மறுப்பு நீடித்தால் மணமுறிவு அளிக்கலாம் என்றும் அது கூறியது. அவ்வோராண்டுக் காலத்திற்கு உரையாக எழுதக்கூடிய புதினம் தமிழில் இன்னும் எழுதப்படவில்லை என்றே தோன்றுகிறது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையில், 1863இல், பெல்லாரியிலிருந்து எழுந்த ஆபிரகாம் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில், கிறித்தவராகிய ஒருவரை இந்துச் சட்டம் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது என்றும், அவர் விரும்பினால் பழைய வழக்கத்தைத் தொடரலாம் என்றும் தீர்த்தது. சமயம் மாறியவரின் மேல் பழைய குடும்பத்தின் பிடி எவ்வளவு, புதிய அடையாளத்தின் பிடி எவ்வளவு என்னும் வினா அவரவர் நடத்தைக்கு விடப்பட்டது.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட சட்டங்களில் இக்கணக்கு வேறு வடிவம் பெற்றது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில், துணைவர் வேறு சமயத்திற்கு மாறுவது மணமுறிவிற்கான காரணங்களுள் ஒன்று. 1956ஆம் ஆண்டின் சட்டங்களின்படி, இந்துவாக இல்லாதொழிந்தவர் தம் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளராக இயலாது. இந்து மனைவிக்குரிய வாழ்க்கைப்பொருள் உரிமையும் அவருக்கு இல்லை. வாரிசுரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. மாறியவரின் உரிமையை அது பறிக்கவில்லை. மாற்றத்திற்குப் பின் பிறந்த பிள்ளைகளும் அவர்தம் வழித்தோன்றல்களும், வாரிசுரிமை தொடங்கும் நாளில் இந்துக்களாக இல்லாவிடின், இந்து உறவினரின் சொத்தை அடைய இயலாது என்கிறது. நம்பியவர் ஒருவர், விலை செலுத்துபவர் அவர் பெற்ற பிள்ளை.

கோயிலுக்குள் ஒரு சுவர்

இழப்புகள் யாவும் வெளியிலிருந்து வந்தவை என எழுதுவது எளிது; உண்மையாகாது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கோயில் ஒரே பீடத்தை நோக்கிய இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. வேளாளர் ஒருபுறமும் நாடார் மறுபுறமும் அமர, நடுவே சுவர் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர் அகற்றப்பட்டபோது, பிள்ளை, முதலியார் வகுப்பினர் தமக்குத் தனியிடம் வேண்டி வழக்குத் தொடுத்தனர். 1917ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ள இவ்வழக்கில், சாதித் தீட்டை அடிப்படையாகக் கொண்ட அவ்வுரிமையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. சீர்திருத்தச் சபைகளிலும் நிலை முற்றிலும் வேறன்று. பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க ஆணையிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சாதி வழக்கங்களில் புதிய மறைப்பணியாளர் தலையிடுவதை எதிர்த்துத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் எழுதியிருந்தார். தமிழ்க் கிறித்தவ இசைப்பாடல் மரபின் தலையாய புலவர் ஒருவரின் இந்நிலைப்பாட்டை, அவரது பாடல்களைப் போற்றும் நூல்கள் பல விரைந்து கடந்துவிடுகின்றன.

சாதியைத் துறத்தலே உயர்சாதியாருக்குக் கேட்கப்பட்ட விலை. அதனைக் கொடாமலே நம்பிக்கையைப் பெற முயன்றவரின் நினைவாக அச்சுவரைக் கருதலாம். ஒடுக்கப்பட்டோர் நிலையோ நேர்மாறானது. அவர்கள் சாதியைத் துறக்க விரும்பியே வந்தனர். சுவரின் மறுபக்கத்தில் அது அவர்களுக்காகக் காத்திருந்தது. தேவசகாயம் 2012 திசம்பர் 2இல் நாகர்கோவிலில் அருளாளராகவும் 2022 மே 15இல் உரோமையில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். புனிதர் பட்டத்திற்கு முன், வழக்கிலிருந்த ‘பிள்ளை’ என்னும் பட்டம் அவர் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. சாதி கடந்து உண்டதற்காகத் துன்புற்றவரின் பெயரிலிருந்து சாதிப்பட்டம் நீங்க அவர் இறந்த பின் 270 ஆண்டுகள் ஆயின.

சான்றிதழின் விலை

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடும் தனித்தொகுதியும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் அவர்களுக்கு இல்லை.

இதன் நடைமுறை வடிவைச் சூசை வழக்கு (1985) காட்டுகிறது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்து வந்த கிறித்தவ ஆதிதிராவிடர் ஒருவர், அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை நாடினார். அருகிலேயே அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடர் அதனைப் பெற்றிருந்தனர். சாதி மாற்றத்திற்குப் பின்னும் தொடர்கிறது என்று காட்டுவது மட்டும் போதாது, அதனால் விளையும் இழிவு புதிய சமயத்திற்குள்ளும் அதே கடுமையுடன் நிலவுகிறது எனச் சான்றுகளுடன் மெய்ப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறி மனுவைத் தள்ளியது. வடக்கன்குளச் சுவர் போன்ற நினைவுகளைத் திருச்சபைகள் வெளிப்படையாகப் பேசத் தயங்கிய தயக்கம், அச்சான்றுகள் திரளாமைக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். தம்முள் சாதியில்லை என்று கூறும் சபையும், சாதிக்குச் சான்று கேட்கும் அரசும் சேர்ந்து அத்தொழிலாளியை நடுத்தெருவில் நிறுத்தின.

2024 நவம்பர் 26இல், புதுச்சேரியைச் சேர்ந்த, திருமுழுக்குப் பெற்ற பெண் ஒருவர் எழுத்தர் பணிக்காகக் கோரிய பட்டியல் சாதிச் சான்றிதழை உச்ச நீதிமன்றம் மறுத்தது. நம்பிக்கையின்றி ஒதுக்கீட்டிற்காக மட்டும் இந்து எனக் கூறிக்கொள்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. அரிசிக்காகக் கிறித்தவராயினர் என 19ஆம் நூற்றாண்டு கூறிய ஏளனம், சான்றிதழுக்காக இந்துவாயினர் எனத் திசை மாறி ஒலிப்பதை இங்குக் காணலாம். பட்டியலினக் கிறித்தவர்க்கும் உரிமை வழங்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19இல் தீர்மானம் நிறைவேற்றியது. 2007இல் இரங்கநாத் மிசுரா ஆணையம் பட்டியல் சாதித் தகுதியைச் சமயத்திலிருந்து பிரிக்குமாறு பரிந்துரைத்திருந்தது. 2022இல் இதே பொருள் குறித்து மீண்டும் ஓர் ஆணையம் நடுவணரசால் அமைக்கப்பட்டது.

இவ்விழப்பை எழுதும் பொறுப்பைக் காப்பியத்திடமிருந்து தன்வரலாறும் புதினமும் ஏற்றுக்கொண்டன. கல்வியும் வேலையும் தேடி அலையும் தலித் கிறித்தவ இளைஞனின் வாழ்வை இராஜ் கௌதமன் சிலுவைராஜ் சரித்திரத்தில் (2002) எழுதினார். அதற்குப் பத்தாண்டு முன் வெளிவந்த பாமாவின் கருக்கு (1992), நம்பிக்கையோடு துறவற மடத்தில் சேர்ந்த தலித் பெண்ணொருத்தி அங்கும் சாதியையே கண்டு, மடத்தை நீங்குவதைக் கூறுகிறது. அவள் செல்லும் இடம் காப்பியப் பயணி அடைந்த முத்தி நகரமன்று. முன்பு விட்டுச் சென்ற அதே ஊர். கையில் பொருளும் வேலையும் இல்லை, திரும்பியவளை ஊர் எவ்வாறு ஏற்கும் என்பதும் தெளிவாக இல்லை. அந்நிலையில் அமர்ந்தே அவள் எழுதத் தொடங்குகிறாள்.